முப்பத்தோராம் பக்கத்துப் பெயர்

திருகோணமலை,
09.12.2025

அன்புள்ள தம்பி அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் சுகம். முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது. நீயும் ஜெஸ்மினும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

போன வாரம் முழுக்க உனக்குப் போன் எடுத்தேன். நீ தூக்கவில்லை. அரசாங்கத்தில் முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவளுக்கு ஒன்று தெரியும்: பதில் வேண்டுமென்றால் எழுத்தில் கேட்க வேண்டும், பதிவுத் தபாலில் கேட்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை சிப்பித்திடல் வைத்தியசாலைக்குள் தண்ணீர் வந்தது. கடல் பக்கமிருந்து வரும் என்றுதான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். வந்தது பின்னால், களப்புப் பக்கமிருந்து. பிற்பகல் 2.15க்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் தரையில்தான் நிற்கிறது என்று உனக்குத் தெரியும். 2.50க்கு அதுவும் நின்றது. கீழ்மாடியில் என் வார்டில் பத்தொன்பது பேர். மின்சாரத்தில் ஓடும் மெசினில் ஒட்சிசன் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். வார்டில் ஒரே ஒரு சிலிண்டர். அதை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்தேன். மற்றவர் சாம்பல்தீவைச் சேர்ந்த குணரத்தினம், வயது 61, நாள்பட்ட நெஞ்சு வருத்தக்காரர்.

வார்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் அனர்த்தக் களஞ்சியம் என்று உங்கள் திட்ட அலுவலகம் கட்டிக் கொடுத்த அறை. உள்ளே ஆறு சிலிண்டர். கதவில் ஆமைப்பூட்டு. அதற்கு மேலே ஒரு பலகை: 'திறப்பு அனர்த்த இணைப்பு உத்தியோகத்தரிடம் உள்ளது.' அப்படி ஓர் ஆள் இருப்பதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினேன். மருந்துக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன். மேல்மாடிக்கு அனுப்பினேன். அந்த இணைப்பு உத்தியோகத்தர் யார், எங்கே என்று முப்பத்தைந்து நிமிடம் தேடினோம்.

கடைசியில் சிற்றூழியர் ஸஹாப்தீன் இரும்பு அலவாங்கோடு வந்தார். "மிஸி, இது அரசாங்கப் பூட்டு. அடிச்சா என்ட வேல போகும்" என்றார். "அடிங்க காக்கா, நான் சொன்னதெண்டு சொல்லுங்க" என்றேன். பூட்டு உடைந்தது 3.34க்கு. குணரத்தினம் 3.25க்கு இறந்துவிட்டார்.

நேற்று எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அனர்த்த முன்னாயத்தத் திட்டத்தின் 31ஆம் பக்கத்தின்படி அந்த இணைப்பு உத்தியோகத்தர் ஸுல்பிகா. நான்தான்.

தம்பி, நான் என்னையே தேடி ஆள் அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து இணைத்திருக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கு யாரும் கடிதம் தரவில்லை, திறப்பும் தரவில்லை. நீ அந்தத் திட்ட அலுவலகத்திலேயே வேலை செய்கிறாய். என் பெயரை எழுதியது யார் என்று பார்த்துச் சொல். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது. இப்படியொரு பெயரோடு வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. கிண்ணியாவில் உம்மாவின் வீட்டுப் போன் நம்பர் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு படிவத்துக்குத் தேவைப்பட்டது.

வஸ்ஸலாம்.
ராத்தா ஸுல்பிகா


கொழும்பு,
03.01.2026

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. உங்கள் முழங்காலுக்கு ஒரு நல்ல டொக்டரைக் காட்ட வேண்டுமென்று ஜெஸ்மின் எந்த நாளும் சொல்கிறாள்.

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஒரே கூட்டம், ஒரே அறிக்கை. நீங்கள் எழுதியதை வாசித்து மிகவும் கவலைப்பட்டேன். ஆனாலும் ராத்தா, அந்த மனுசர் நாள்பட்ட நோயாளிதானே. சிலிண்டர் கிடைத்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பெயர் விசயம். பதினேழு வைத்தியசாலைகளுக்கு ஒரே மாதிரிப் படிவத்தில் ஒரே நேரத்தில் திட்டம் தயாரானது. பெயர்கள் அந்தந்த வைத்தியசாலையிலிருந்து வந்திருக்கும். அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்திருப்பார்கள். பழைய கோப்புகள் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கின்றன, தேடி எடுக்க ஏலாது. என் யோசனை, விளக்கத்தைச் சுருக்கமாகக் கொடுங்கள். வேலைப்பளுவில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று ஒரு வரி. எச்சரித்து விட்டுவிடுவார்கள்.

உம்மாவின் நம்பரை எப்படி ராத்தா மறப்பது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். கடைசி நாலும் 2471. இணைப்பு வெட்டி ஆறு வருடமாகிறது. எந்தப் படிவத்துக்கு?

வஸ்ஸலாம்.
அன்புத் தம்பி அஷ்பாக்


திருகோணமலை,
11.01.2026

தம்பி அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சின்னவளின் காய்ச்சல் மாறியது சந்தோசம். அல்ஹம்துலில்லாஹ். நம்பருக்கு நன்றி.

நான் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன், நீ சொன்ன ஒரு வரி இல்லாமல். அதற்குப் பதிலாகக் குற்றப்பத்திரிகை வந்தது, வேலையிலிருந்து இடைநிறுத்தமும் வந்தது. இரண்டு குற்றம். முதலாவது, களஞ்சியத்தை உரிய நேரத்தில் திறக்கத் தவறியது. இரண்டாவது, அதே களஞ்சியத்தின் பூட்டை உடைத்து அரச சொத்துக்குச் சேதம் விளைவித்தது. இரண்டும் ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்று, ஒரே கையெழுத்தில். எழுதியவர் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தாரா என்று யோசிக்கிறேன்.

'நாள்பட்ட நோயாளிதானே' என்று எழுதியிருந்தாய். அவர் அன்று காலையில் என்னோடு பகிடி விட்டவர். தேத்தண்ணியில் சீனி இல்லை என்று ஸஹாப்தீனைக் கூப்பிட்டு, "தம்பி, இது வெள்ளத் தண்ணியோ தேத்தண்ணியோ" என்று கேட்டவர். மறுநாள் சனிக்கிழமை வீட்டுக்குப் போவதற்கு டொக்டர் துண்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அவருடைய மகள் சோபனா வந்தாள். பள்ளிக்கூட ரீச்சர். சத்தம் போடவில்லை. மீன்காரரும் நாலைந்து சனமும் கேட்டுக்கொண்டிருக்க என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"திறப்பைக் கையில வச்சுக்கொண்டு, அப்பா மூச்சுக்கு இழுக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்களாம், மிஸி. உண்மையோ?"

நான் இல்லை என்றேன். "கடதாசியில உங்கட பேர்தானே இருக்காம்" என்றாள். மீனை வாங்காமல் வந்துவிட்டேன்.

முழுத் திட்டமும் எனக்கு வேண்டும். வைத்தியசாலைப் பிரதி வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. உன் அலுவலகத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். அனுப்பு.

வஸ்ஸலாம்.
ஸுல்பிகா


கொழும்பு,
20.02.2026

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாரக். நோன்பு உங்களுக்கும் மச்சானுக்கும் இலகுவாக அமையட்டும். ஒரு பெட்டி பேரீச்சம்பழம் இதோடு வேறாக அனுப்பியிருக்கிறேன். மதீனாப் பழம், நல்ல சாதி.

சந்தையில் நடந்ததைக் கேட்டு ஜெஸ்மின் அழுதுவிட்டாள். சனம் இப்படித்தான் ராத்தா, கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

திட்டத்தின் பிரதியை வெளியில் கொடுக்க அனுமதி இல்லை. அது இன்னும் இறுதி செய்யப்படாத ஆவணம் என்று மேலே உள்ளவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம். கேட்டால் விசாரணை நீளும், வேறு ஆட்களும் உள்ளே இழுபடுவார்கள். திட்டத்துக்கு வெளிநாட்டு உதவி புதுப்பிக்கும் நேரம் இது. என்னைப் போல ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் மாதம்தான் முடிவு தெரியும். பொறுமையாக இருங்கள். நான் உங்களுக்காகக் கதைத்துப் பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.
அஷ்பாக்


திருகோணமலை,
02.03.2026

அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேரீச்சம்பழம் கிடைத்தது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கொடுத்துவிட்டேன். எனக்கு இறங்கவில்லை.

திட்டம் கிடைத்துவிட்டது. எங்கள் தாதியர் சங்கத்துச் செயலாளர் ஷாமிலா தகவல் அறியும் உரிமையில் விண்ணப்பித்து வாங்கினாள். இறுதி செய்யப்படாத ஆவணம் என்று நீ சொன்னாய். முதற்பக்கத்தில் 'இறுதி' என்று முத்திரை இருக்கிறது. 31.03.2024 என்று திகதியும் இருக்கிறது.

அறுபத்திரண்டு பக்கம். இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தேன். ஜெனரேட்டரை ஐந்தடி மேடைக்கு உயர்த்துவது: நிறைவேற்றப்பட்டது. நோயாளர்களை மேல்மாடிக்குக் கொண்டுபோகச் சாய்தளம்: நிறைவேற்றப்பட்டது. வெளியேற்றும் ஒத்திகை: நிறைவேற்றப்பட்டது, படம் பார்க்க, பக்கம் 14.

பார்த்தேன். எங்கள் வைத்தியசாலை முற்றம். நாற்பது பேர் வரிசையாக நிற்கிறோம். கீழே எழுதியிருக்கிறது: 'ஒத்திகையின்போது ஊழியர்கள் ஒன்றுகூடும் இடத்தில்.'

அது ஒத்திகை இல்லை, அஷ்பாக். அது 2023 டிசம்பர் 26, காலை 9.25. கடல் கொண்டுபோனவர்களுக்காக நாங்கள் ஒவ்வொரு வருடமும் நிற்கும் இரண்டு நிமிடம். படத்தில் எல்லோரும் தலையைக் குனிந்திருக்கிறோம். ஒத்திகையில் யார் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்? மூன்றாவது வரிசையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். றிஷானாவை நினைத்துக்கொண்டு நின்றேன். நம் தங்கச்சி. பதினேழு வயது. அவளைத் தேடிக் கிண்ணியாவில் நீயும் நானும் மூன்று நாள் ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்தோம்.

அந்தப் படத்தை ஸஹாப்தீன் என் போனில் எடுத்தார். நான் ஒரே ஓர் ஆளுக்குத்தான் அனுப்பினேன். 'இன்றைக்கு றிஷானாவுக்காக நின்றோம்' என்று எழுதி அனுப்பினேன்.

பதில் எழுது.

ஸுல்பிகா


திருகோணமலை,
05.04.2026

அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் கடிதம் கிடைத்தது என்று தபால் அட்டை திரும்பி வந்தது, ஜெஸ்மினின் கையெழுத்தோடு. ஆகவே கிடைத்திருக்கிறது.

நீ சொல்வாய் என்று டிசம்பரிலிருந்து காத்திருந்தேன். இனி நானே சொல்கிறேன்.

31ஆம் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். கடைசி நாலும் 2471. விளக்கம் கேட்ட கடிதத்தோடு வந்த அந்த முதல் பிரதியிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் நம்பர் ஞாபகமா என்று உன்னிடம் கேட்டேன். மறந்துவிட்டது என்று நீ எழுதியிருந்தால், வேறு யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டார்கள் என்று நம்பவாவது முயன்றிருப்பேன். நீ மனப்பாடமாக ஒப்பித்தாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை மாவட்ட அனர்த்த நிலையத்திலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. குளம் உடைப்பெடுக்கும், கீழ்மாடி நோயாளர்களை மேலே ஏற்றுங்கள் என்று. திட்டத்தில் இருந்த நம்பருக்கு எடுத்திருக்கிறார்கள். 11.10க்கு, 12.05க்கு, 1.30க்கு. அவர்களுடைய பதிவுப் புத்தகத்தில் மூன்றும் இருக்கிறது, மூன்றுக்கும் எதிரில் 'பதில் இல்லை' என்று இருக்கிறது. ஷாமிலா அதற்கும் பிரதி வாங்கிவிட்டாள். 11.10க்கு எங்களுக்குத் தெரிந்திருந்தால் பத்தொன்பது பேரையும் மேலே ஏற்றி, மின்சாரம் இருக்கும்போதே பூட்டை உடைத்துச் சிலிண்டர்களையும் எடுத்து வைத்திருப்போம், ஸஹாப்தீன் ஜும்ஆவுக்கும் போய் வந்திருப்பார்.

உம்மா மௌத்தான வீட்டில், பூட்டிக் கிடக்கிற அறையில், இணைப்பில்லாத நம்பருக்கு அவர்கள் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

விசாரணை ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி. விசாரணை அதிகாரி கனகரத்தினம், ஓய்வுபெற்ற நிருவாக உத்தியோகத்தர். நீ வர வேண்டும். வந்து, 'அந்தப் பெயரை எழுதியது நான், அவரைக் கேட்காமல் எழுதினேன்' என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.
ஸுல்பிகா


கொழும்பு,
28.04.2026

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கவும் வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள்.

ஓம். நான்தான்.

அந்த வருடம் மார்ச் 31க்குள் பதினேழு திட்டமும் போய்ச் சேராவிட்டால் உதவி திரும்பிவிடும் என்றார்கள். சிப்பித்திடலிலிருந்து பெயர் வரவே இல்லை. மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசி நாள் பின்னேரம் நாலு மணி. பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் கணினி ஏற்காது. உங்கள் பெயர் தானாகக் கையில் வந்தது. நம்முடைய வீட்டில் எது நடந்தாலும் நீங்கள்தானே பார்த்தீர்கள். வாப்பாவின் ஆஸ்பத்திரி அலுவல், என் படிப்பு, உம்மாவின் கடைசி நாட்கள், எல்லாம். யாரும் உங்களைக் கேட்டதில்லை, நீங்கள் செய்தீர்கள். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடுத்த கட்டம் தொலைபேசி எண். உங்கள் கைபேசி நம்பர் எனக்கு மனப்பாடமில்லை, என் போன் கீழே வேறு அறையில் சார்ஜில் இருந்தது. கை உம்மாவின் நம்பரை அடித்தது. அடுத்த வாரம் மாற்றலாம் என்று நினைத்தேன். படமும் அப்படித்தான். ஒரு படம் இல்லாமல் பக்கம் 14 நிரம்பவில்லை. மன்னியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களஞ்சியத்தின் திறப்பு என் மேசை லாச்சியில் இருக்கிறது. கட்டியவர்கள் வேலை முடிந்ததும் எங்கள் அலுவலகத்தில்தான் ஒப்படைத்தார்கள். பெரிய ஆள் ஒருவரை அழைத்து விழா வைத்து, மேடையில் உங்கள் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. அவருக்கு நேரம் கிடைக்காமல் நாலு தடவை திகதி தள்ளிப் போனது. பலகையை மட்டும் முதலிலேயே அடித்துவிட்டார்கள். நான் மறந்துபோனேன். மன்னியுங்கள் ராத்தா.

9ஆம் திகதி வருகிறேன். கட்டாயம் வருகிறேன். அதுவரை இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன், மன்னியுங்கள்.

வஸ்ஸலாம்.
அஷ்பாக்


திருகோணமலை,
06.05.2026

அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மன்னிப்பு நாலு தடவை வருகிறது. குணரத்தினம் என்ற பெயர் ஒரு தடவையும் வரவில்லை.

யாரும் என்னைக் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான். முப்பது வருடமாக நான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிழிக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மூன்று பிரதி எடுத்தேன். காட்டவும் இல்லை. 9ஆம் திகதி வரை அலுமாரியில் இருக்கும். நீ வந்து உன் வாயால் சொன்னால் அது அங்கேயே இருக்கட்டும்.

8ஆம் திகதி இரவு பஸ் எடுத்தால் விடியும்போது வந்துவிடலாம். உன் மச்சான் பஸ் நிலையத்தில் நிற்பார். காலைச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் குழம்பும் செய்வேன். கோபம் கோபம்தான், பசியோடு உன்னைச் சாட்சி சொல்ல அனுப்ப மாட்டேன். திறப்பையும் கொண்டு வா.

சோபனாவையும் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ சொல்வதை அவள் கேட்க வேண்டும். எனக்கு வேலை திரும்பக் கிடைப்பதைவிட அது முக்கியம்.

வஸ்ஸலாம்.
ஸுல்பிகா


கொழும்பு,
05.06.2026

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நெஞ்சில் ஒரு வலி. டொக்டர் இரண்டு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார். மருத்துவச் சான்றிதழின் பிரதி இத்துடன். 9ஆம் திகதி வர ஏலாது. ஒப்பந்தம் புதுப்பிப்பதும் 12ஆம் திகதி முடிவாகிறது, அதற்கு முன்னால் ஒன்றும் கதைக்க வேண்டாம் என்று இங்கே சொல்கிறார்கள்.

திறப்பை இதற்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் எப்படியும் சமாளிப்பீர்கள், எனக்குத் தெரியும்.

துஆச் செய்யுங்கள்.
அஷ்பாக்


திருகோணமலை,
24.06.2026

அஷ்பாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நெஞ்சு வலி மாறியிருக்கும் என்று நம்புகிறேன். ஒப்பந்தம் புதுப்பித்துவிட்டார்கள் என்று ஜெஸ்மின் உன் மச்சானுக்குப் போனில் சொன்னாளாம்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

9ஆம் திகதி பத்து மணிக்கு அழைத்தார்கள். ஒரு நீள மேசை, ஆறு கதிரை, நிற்பதும் ஓடுவதுமாக ஒரு மின்விசிறி. கனகரத்தினம் ஐயா மெதுவாகக் கதைக்கிற ஆள். திட்டத்தைப் புரட்டிவிட்டு, "இதை ஆர் தயாரிச்சதெண்டு எங்கயும் இல்லையே மிஸி" என்றார். நான் உன் கடிதங்கள் நான்கையும், என்னுடையவற்றின் பிரதிகளையும் மேசையில் வைத்தேன். அவர் முதல் கடிதத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது சகோதரங்களின்ட சொந்தக் கடிதம். வைக்கத்தான் வேணுமோ? வச்சாப் பிறகு திருப்பி எடுக்க ஏலாது."

"ஓம் ஐயா. வைக்கத்தான் வேணும்" என்றேன்.

ஏப்ரல் 28ஆம் திகதிக் கடிதத்தை அவர் சத்தமாக வாசித்தார். பதிவுக்காக வாசிக்க வேண்டுமாம். பிட்டும் மீன் குழம்பும் வருகிற என் கடிதத்தையும் வாசித்தார். சோபனா எதிர்க் கதிரையில் இருந்தாள்.

பிறகு திறப்பை வைத்தேன். உடைந்த பூட்டு ஏற்கனவே மேசையில் இருந்தது, எனக்கு எதிரான சான்றுப் பொருளாக, கடுதாசிச் சிட்டை கட்டி. கனகரத்தினம் ஐயா திறப்பை எடுத்து அந்தப் பூட்டில் போட்டார். வளையம் இரண்டாக முறிந்து தொங்குகிறது. ஆனாலும் திறப்பு லேசாகச் சுற்றியது. புதுத் திறப்பு. ஒரு தடவையும் பாவிக்காதது.

சோபனா கேட்டாள்: "அப்ப இது கொழும்பிலயோ இருந்தது?"

"ஓம்" என்றேன்.

"ஆரின்ட லாச்சியில?"

உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். என் கூடப் பிறந்தவன் என்றும் சொன்னேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. போகும்போது என் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். "அப்பா கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். ஆறு மாதமாக இந்த ஊரில் ஒருவரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அது அவளுக்குரியது, உனக்கு எழுத மாட்டேன்.

முதலாவது குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. இரண்டாவது விழவில்லை. பூட்டை உடைத்தது உடைத்ததுதானாம். அதற்குக் கண்டித்து ஒரு கடிதம் என் கோப்பில் போடுவார்கள், ஸஹாப்தீனின் கோப்பிலும் போடுவார்கள். அவர் சிரிக்கிறார். "அடுத்த வெள்ளத்துக்கு அலவாங்குக்கும் ஒரு விழா வைப்பம் மிஸி" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை அழைத்து விசாரிப்பார்களாம். எப்போது என்று தெரியாது. எனக்கு எதிரான குற்றப்பத்திரிகையை ஒரு மாதத்தில் எழுதியவர்கள், உனக்கு எழுத எவ்வளவு நாள் எடுப்பார்கள் என்று பார்க்கப் போகிறேன்.

15ஆம் திகதி வேலைக்குப் போனேன். ஜெனரேட்டர் திருத்தி, அதே தரையில் நிற்கிறது.

18ஆம் திகதி புதிய திட்டத்துக்கான படிவம் வந்தது. உங்கள் அலுவலகத்துப் படிவம்தான். வைத்திய அத்தியட்சகர் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்கதானே இதில அனுபவமுள்ள ஆள்" என்றார். அவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டேன்.

ஜெனரேட்டர் மேடை: இல்லை என்று எழுதினேன். சாய்தளம்: இல்லை. ஒத்திகை: இல்லை. படம் ஒட்டும் இடத்தை வெறுமையாக விட்டேன். இணைப்பு உத்தியோகத்தர் என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதவில்லை. ஒவ்வொரு வேளைக்கும் யார் கடமையில் இருப்பார்களோ அவர்கள் எல்லோரையும் நேரில் கூப்பிட்டு, 'உன் பெயரைப் போடட்டா, சம்மதமா, உன் நம்பர் இதுதானா' என்று கேட்டு, அந்த இடத்திலேயே அடித்துப் பார்த்து, போன் மணி அடித்த பிறகுதான் எழுதினேன். பதினொரு பேர். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஒரு பின்னேரம், அஷ்பாக், அவ்வளவுதான் எடுத்தது. களஞ்சியத்துக்குப் புதுப் பூட்டு. திறப்பு வார்ட் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது, எவரும் உடைத்து எடுக்கலாம்.

கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள்: முந்தைய திட்டத்தைத் தயாரித்தவரின் பெயர், தொலைபேசி இலக்கம். போன தடவை அது இருக்கவில்லை.

உன் பெயரை எழுதினேன். நம்பரையும் எழுதினேன். மற்றவர்களுக்குச் செய்தது போல உனக்கும் எடுத்துப் பார்த்தேன். மணி அடித்தது.

நீ தூக்கவில்லை.

வஸ்ஸலாம்.
ஸுல்பிகா